தார்ச்சாலைக்கும் செம்மண் சடக்குக்கும் ஏற்ற மிதிவண்டி

கெடா மாநிலத்தில் மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்பவர் ஒரே வகைப் பாதையில் பயணம் செய்வது அரிது. சுங்கைப் பட்டாணி நகரில் வழவழப்பான தார்ச்சாலை இருக்கும். பீடோங்கைத் தாண்டித் தோட்டப்புறம் ஒன்றில் நுழைந்தால் செம்மண்ணும் சரளைக் கல்லும் கலந்த பாதை தொடங்கும். தோட்டத்து மக்கள் இதனை 'மண்சடக்கு' என்பார்கள். வடக்கே சென்றால் நெல்வயல்களுக்கு இடையே நீர்க்கால்வாயின் கரைவழி நீளும். குருண் பக்கம் திரும்பினால் ஜெராய் மலையின் ஏற்றம் எதிரே நிற்கும். ஒரே நாளில் இத்தனை வகைப் பாதைகளையும் கடக்க வேண்டுமானால் எத்தகைய மிதிவண்டி ஏற்றது?

இக்கேள்வி பொழுதுபோக்குக்காக மட்டும் எழுவதன்று. குடும்பத்தினர் பல மாதங்கள் சேமித்த பணத்தில் மிதிவண்டி வாங்குகிறார்கள். தோற்றத்தையும் வண்ணத்தையும் மட்டுமே பார்த்து வாங்கினால், சில வாரங்களில் அது வீட்டின் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கும். உடலுக்குப் பொருந்தாத மிதிவண்டி முதுகுவலியையும் முழங்கால் வலியையும் தரும். பிரேக் சரியில்லாத மிதிவண்டி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, வாங்கும் முன்னரே எவற்றை ஆராய வேண்டும் என்பதை அறிந்திருத்தல் நன்று.

ரப்பரும் மிதிவண்டியும்

மிதிவண்டிக்கும் நம் தோட்டப்புறங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், ஏறத்தாழச் சம அளவிலான இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட 'ரோவர்' மிதிவண்டியை உருவாக்கினார். இன்று நாம் ஓட்டும் மிதிவண்டியின் அடிப்படை வடிவம் அதுவே. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1888இல், பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் காற்றடைத்த ரப்பர் டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதுவரை கட்டி ரப்பரால் ஆன சக்கரங்களில் குலுங்கிச் சென்ற மக்களுக்கு அது பெரும் ஆறுதலாக அமைந்தது.

காற்றடைத்த டயர் மிதிவண்டிக்கும், பின்னர் மோட்டார் வாகனத்துக்கும் இன்றியமையாததாகிவிட்டது. இதனால் உலகில் ரப்பரின் தேவை பெருகியது. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட விதைகளிலிருந்து வளர்ந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கெடாவின் தென்பகுதியிலும் காடுகள் அழிக்கப்பட்டுப் பால்மரங்கள் நடப்பட்டன. அங்கு வேலை செய்யத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். உலகின் எங்கோ ஓடிய சக்கரங்களுக்கான பாலை அவர்கள் விடியற்காலையில் மரம் வெட்டிச் சேகரித்தனர்.

பின்னாளில் அதே தோட்டங்களில் மிதிவண்டி முக்கிய வாகனமாயிற்று. கனத்த இரும்புச் சட்டகமும் அகன்ற இருக்கையும் வலுவான கேரியரும் கொண்ட மிதிவண்டிகளில் மக்கள் பால்வாளிகளையும் விறகையும் அரிசி மூட்டையையும் ஏற்றிச் சென்றனர். பிள்ளைகளை முன்கம்பியில் உட்கார வைத்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றனர். அந்த மிதிவண்டி வேகமாக ஓடாது. ஆனால் எந்தச் சடக்கிலும் ஓடும். இன்று நாம் தேடும் பல்வகைப் பாதை மிதிவண்டியின் முதற்பண்பு அதிலேயே இருந்தது.

முதலில் பாதையை அறிதல்

மிதிவண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நாம் செல்லவிருக்கும் பாதைகளைக் கணக்கெடுக்க வேண்டும். கெடாவில் பொதுவாக நான்கு வகைப் பாதைகள் உள்ளன.

முதலாவது, நகரங்களை இணைக்கும் தார்ச்சாலை. இதில் கனரக வாகனங்கள் மிகுதி. சாலையின் ஓரத்தில் குழிகளும் கண்ணாடித் துண்டுகளும் மணலும் இருக்கும். மிதிவண்டி ஓட்டுபவர் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் செல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாவது, தோட்டப் பாதை. பல ரப்பர்த் தோட்டங்கள் இன்று செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. பழக்குலைகளை ஏற்றிச் செல்லும் லாரிகளுக்காகச் செம்மண்ணின்மேல் சரளைக்கல் கொட்டிப் பாதை அமைத்திருப்பார்கள். வெயில் காலத்தில் அது தூசி பறக்கும் கட்டாந்தரை. மழை பெய்தால் வழுக்கும் சேறு. வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகளின் கூரிய முட்கள் டயரைக் குத்துவதும் உண்டு.

மூன்றாவது, கால்வாய்க் கரைவழி. அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவாரத்தை நோக்கி வெட்டப்பட்ட வான் முகமது சாமான் கால்வாயின் பணி 1885இல் தொடங்கியது. 1970இல் முடா வேளாண்மை மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. கெடாவிலும் பெர்லிசிலும் அது பார்த்துக்கொள்ளும் சமவெளியில் நீர்க்கால்வாய்கள் வலைபோல் பரவியுள்ளன. அவற்றின் கரைகளில் ஏற்றம் இல்லை. ஆனால் எதிர்க்காற்றைத் தடுக்க மரமும் இல்லை. சில இடங்களில் தார் இருக்கும். சில இடங்களில் மண்ணும் புல்லும் மட்டுமே இருக்கும்.

நான்காவது, மலைப்பாதை. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையில் சிகரத்தின் அருகே வரை வளைந்து வளைந்து சாலை ஏறுகிறது. பாலிங், சீக் வட்டாரங்களிலும் ஏற்ற இறக்கங்கள் மிகுதி.

ஒரு மாதத்தில் நீங்கள் ஓட்டும் தொலைவில் இந்நான்கில் எது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பத்தில் ஒன்பது பங்கு தார்ச்சாலை என்றால் உங்கள் தேவை ஒரு வகை. பாதிக்குப் பாதி மண்சடக்கு என்றால் தேவை வேறு வகை. ஆழம் அறியாமல் காலை விடக்கூடாது என்பது இதற்கும் பொருந்தும்.

மிதிவண்டி வகைகள்

கடைகளில் காணப்படும் மிதிவண்டிகளை நான்கு பிரிவுகளில் அடக்கலாம்.

பந்தய மிதிவண்டி எடை குறைந்தது, டயர் ஒடுங்கியது. ஓட்டுபவர் முன்னோக்கி நன்கு குனிந்து ஓட்டுவதால் காற்றின் தடை குறையும். 1996ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் 'லெ துர் டி லங்காவி' போட்டியில் வீரர்கள் பயன்படுத்துவது இவ்வகையே. நல்ல தார்ச்சாலையில் இதற்கு ஈடில்லை. சரளைப் பாதையிலோ உடல் முழுவதும் அதிரும்.

மலை மிதிவண்டி இதற்கு நேர்மாறானது. டயர் அகன்றது, அதிர்ச்சி தாங்கும் சுருள்வில் முன்பகுதியில் இருக்கும். காட்டுப்பாதைக்கு மிகவும் ஏற்றது. ஆனால், தார்ச்சாலையில் 60 கிலோமீட்டர் செல்லும்போது அதன் எடையும் டயரின் கட்டைகளும் ஓட்டுபவரின் ஆற்றலை வீணாக்கும்.

நகர மிதிவண்டியில் நிமிர்ந்து உட்காரலாம். கூடையும் மட்கார்டும் இருக்கும். கடைக்கும் பள்ளிக்கும் சென்றுவர இது போதும். ஆனால், நெடுந்தொலைவில் நிமிர்ந்த உடல் எதிர்க்காற்றை முழுமையாக வாங்கிக்கொள்ளும்; உடல் எடை முழுவதும் இருக்கையின் மேலேயே அழுத்தும்.

பல்வகைப் பாதை மிதிவண்டி இம்மூன்றுக்கும் இடைப்பட்டது. இதனைக் 'கிராவல்' மிதிவண்டி என்றும் கூறுவர். பந்தய மிதிவண்டியைப் போல் வளைந்த கைப்பிடி இருந்தாலும், ஓட்டுபவர் அவ்வளவு குனிய வேண்டியதில்லை. அகன்ற டயர் பொருத்தச் சட்டகத்தில் இடம் இருக்கும். இரு சக்கரங்களுக்கும் இடையிலான நீளம் சற்றுக் கூடுதல் என்பதால், சரளையில் செல்லும்போது தடுமாற்றம் குறையும். தார்ச்சாலையில் பந்தய மிதிவண்டியைவிடச் சற்று மெதுவாகவும், மண்சடக்கில் மலை மிதிவண்டியைவிடச் சற்றுக் கவனமாகவும் ஓட்ட வேண்டும். ஒன்றில் முதலிடம் பெறுவதைவிட எல்லாவற்றிலும் ஈடுகொடுப்பதே இதன் சிறப்பு.

டயரின் அகலமும் காற்றழுத்தமும்

பல்வகைப் பாதை மிதிவண்டியில் முதலில் பார்க்க வேண்டியது டயரின் அகலம். டயரின் பக்கவாட்டில் 700×35 அல்லது 35-622 என்பது போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 35 என்பது டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். 622 என்பது டயர் அமரும் ரிம்மின் விட்டம். புதிய டயர் வாங்கும்போது இந்த 622 என்னும் எண் பொருந்தியே ஆக வேண்டும். பழைய தோட்டத்து மிதிவண்டிகளில் 635 என்னும் அளவு பெரும்பாலும் காணப்படும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றின் டயர் மற்றொன்றில் பொருந்தாது.

ஒடுங்கிய டயரில் காற்றை இறுக்கமாக அடைத்தால்தான் வேகமாக ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். வழவழப்பான தளத்தில் அது ஓரளவு உண்மை. கரடுமுரடான தளத்தில் நிலைமை மாறுகிறது. இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் மோதித் துள்ளும். அவ்வாறு துள்ளும்போது மிதிவண்டியும் அதை ஓட்டுபவரும் சேர்ந்து மேலே தூக்கப்படுகின்றனர். முன்னோக்கிச் செல்ல வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி இவ்வாறு வீணாகிறது. அகன்ற டயரில் காற்றழுத்தம் குறைவாக இருந்தால், டயர் கல்லைத் தன்னுள் அமுக்கிக்கொண்டு உருண்டு செல்லும். உடல் களைப்பும் குறையும்.

25 மில்லிமீட்டர் டயரையும் 38 மில்லிமீட்டர் டயரையும் ஒப்பிட்டால், பின்னதில் அடங்கும் காற்றின் கொள்ளளவு இரண்டு மடங்குக்கும் அதிகம். அதனால்தான் அது குறைந்த அழுத்தத்திலும் எடையைத் தாங்குகிறது. கெடாவின் கலப்புப் பாதைகளுக்கு 32 முதல் 40 மில்லிமீட்டர் வரையிலான டயர் பொதுவாக ஏற்றது. தார்ச்சாலை மிகுதி என்றால் 32ஐ ஒட்டியும், மண்சடக்கு மிகுதி என்றால் 40ஐ ஒட்டியும் தேர்ந்தெடுக்கலாம். நடுப்பகுதி வழவழப்பாகவும் ஓரங்களில் சிறு கட்டைகளுடனும் உள்ள டயர் இரண்டுக்கும் உதவும். அடைக்கக்கூடிய காற்றின் மிக உயர்ந்த அளவு டயரின் பக்கத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவைத் தாண்டக்கூடாது. எப்போதும் அந்த அளவுக்கே அடைக்க வேண்டும் என்பதும் இல்லை.

சட்டகத்திற்கும் டயருக்கும் இடையே உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். கெடாவின் செம்மண் மழையில் பசைபோல் ஒட்டும். இடைவெளி குறுகியிருந்தால் சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். இருபுறமும் ஒரு சிறுவிரல் நுழையும் அளவு இடமிருந்தால் நல்லது.

டியூப் இல்லாத டயர்களும் இப்போது கிடைக்கின்றன. இவற்றினுள் ஊற்றப்படும் பால் போன்ற திரவம், முள் குத்தினால் உண்டாகும் சிறு துளையைத் தானே அடைத்துவிடும். செம்பனைத் தோட்டங்களில் செல்வோருக்கு இது பெரிதும் பயன்படும். எனினும், நம் நாட்டு வெப்பத்தில் அத்திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடும். மீண்டும் ஊற்ற வேண்டும். இதற்கான செலவையும் வேலையையும் ஏற்க இயலாதவர்களுக்கு டியூப் உள்ள டயரே போதுமானது.

பற்சக்கரங்களின் கணக்கு

மிதிகட்டையுடன் இணைந்த முன்பற்சக்கரத்தின் பற்களைப் பின்பற்சக்கரத்தின் பற்களால் வகுத்தால் கிடைப்பது, மிதி ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்பதாகும். 35 மில்லிமீட்டர் டயர் பொருத்திய சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ 2.15 மீட்டர் நகரும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். முன்னால் 46 பற்களும் 30 பற்களும் கொண்ட இரு சக்கரங்கள் உள்ளன. பின்னால் 11 முதல் 34 பற்கள் வரை கொண்ட அடுக்கு உள்ளது. பெரிய முன்சக்கரத்தையும் சிறிய பின்சக்கரத்தையும் சேர்த்தால், 46 ÷ 11 = 4.18. ஒரு மிதிச் சுற்றில் மிதிவண்டி ஏறத்தாழ 9 மீட்டர் செல்லும். இது சமவெளியில் பின்காற்று வீசும்போது பயன்படும். சிறிய முன்சக்கரத்தையும் பெரிய பின்சக்கரத்தையும் சேர்த்தால், 30 ÷ 34 = 0.88. ஒரு மிதிச் சுற்றில் ஏறத்தாழ 1.9 மீட்டர் மட்டுமே செல்லும். நிமிடத்திற்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். ஜெராய் மலையில் ஏறுபவருக்கு இந்த மெதுவான வேகமே துணை. மெதுவாயினும் இறங்கித் தள்ளாமல் செல்ல முடிகிறது, முழங்காலுக்கும் பாதுகாப்பு.

கடைக்காரர் 'இது 24 வேகம்', 'அது 18 வேகம்' என்று கூறுவார். அந்த எண்ணிக்கையைவிட, மிகக் குறைந்த விகிதமும் மிக உயர்ந்த விகிதமும் எவ்வளவு என்பதே முக்கியம். மிகக் குறைந்த விகிதம் 1 அல்லது அதற்கும் கீழ் இருந்தால், சுமையுடனும் ஏற்றத்தில் ஏறலாம். கணக்கு ஒரு நிமிட வேலைதான். கடையிலேயே பற்களை எண்ணிப் பார்க்கலாம்.

நிறுத்தும் ஆற்றல்

வேகமாகச் செல்வதைவிட வேண்டிய இடத்தில் நிற்பது முதன்மையானது. ரிம்மின் இருபுறத்தையும் ரப்பர்க் கட்டைகளால் பிடிக்கும் பிரேக் எளியது, விலை குறைந்தது, எவரும் பழுதுபார்க்கலாம். ஆனால், ரிம் நனைந்தால் அதன் பிடிப்பு குறையும். செம்மண்ணில் கலந்துள்ள நுண்மணல் கட்டையில் ஒட்டிக்கொண்டு ரிம்மையே தேய்த்துவிடும்.

வட்டு பிரேக் சக்கரத்தின் நடுவே பொருத்தப்பட்ட உலோக வட்டைப் பிடிக்கிறது. அது தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் சேறும் நீரும் எளிதில் அணுகுவதில்லை. மழையிலும் பிடிப்பு நன்றாக இருக்கும். வட்டு பிரேக்கில் இரு வகை உண்டு. ஒன்று கம்பியால் இயங்குவது. மற்றொன்று எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. எண்ணெய் வகைக்கு விரலின் சிறு அழுத்தமே போதும். ஆனால், பழுதானால் அதற்குரிய கருவியும் பயிற்சியும் உள்ளவரிடம் கொண்டு செல்ல வேண்டும். சிறு பட்டணத்திலும் தோட்டப்புறத்திலும் வாழ்பவருக்குக் கம்பியால் இயங்கும் வட்டு பிரேக் நடைமுறைக்கு ஏற்றது. கம்பி அறுந்தால் சாதாரணக் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

சில இளையோர் பிரேக்கைக் கழற்றிவிட்டு, 'லாஜாக்' என்று சொல்லப்படும் மாற்றியமைத்த மிதிவண்டிகளைச் சாலையில் ஓட்டுகின்றனர். இது வீரமன்று, தன் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கும் செயல். இரண்டு பிரேக்கும் சரியாக இயங்காத மிதிவண்டியைச் சாலைக்குக் கொண்டு வரக்கூடாது.

சட்டகத்தின் உலோகம்

சட்டகம் பெரும்பாலும் எஃகு, அலுமினியம், கரிம இழை ஆகியவற்றுள் ஒன்றால் ஆனது. எஃகு கனமானது, துருப்பிடிக்கும். எனினும் அதிர்வைத் தாங்கும் நெகிழ்வு அதற்கு உண்டு; விரிசல் கண்டால் பற்றவைத்துச் சரிசெய்யலாம். அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அது துருப்பிடிக்காது, நடுத்தர விலையில் கிடைக்கும். அதன் அதிர்வை அகன்ற டயர் தணித்துவிடும். கரிம இழை மிகவும் இலேசானது, விலை உயர்ந்தது. கல் மோதி உண்டான உட்சிதைவு வெளியே தெரியாமல் போகலாம்; விழுந்த பிறகு கவனமாகச் சோதிக்க வேண்டும். மாணவர்க்கும் பொதுப் பயணத்திற்கும் அலுமினியமோ எஃகோ போதுமானது. ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் எஃகுச் சட்டகத்தை மழைக்குப் பின் துடைத்து வைக்க மறக்கக்கூடாது.

மட்கார்டு, கேரியர், தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றைப் பொருத்தத் திருகு துளைகள் உள்ளனவா என்பதையும் காண வேண்டும். வாங்கிய பிறகு இத்துளைகளைச் சேர்ப்பது எளிதன்று.

உடலுக்கு ஏற்ற அளவு

'விரலுக்கு ஏற்ற வீக்கம்' என்பார்கள். மிதிவண்டியும் உடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 'பிள்ளை வளர்ந்துவிடுவான்' என்று எண்ணிப் பெரிய அளவில் வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். அவ்வாறு வாங்கினால், கால் தரையில் எட்டாமல் நிறுத்தத்தின்போது சாய்ந்து விழ நேரிடும்.

முதலில், சட்டகத்தின் மேல்கம்பிக்கு இருபுறமும் கால்களை ஊன்றி நின்று பாருங்கள். உடலுக்கும் கம்பிக்கும் இடையே குறைந்தது 3 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அடுத்து, இருக்கையின் உயரம். கால் இடுக்கிலிருந்து தரைவரை உள்ள நீளத்தை அளந்து 0.88ஆல் பெருக்குங்கள். அந்நீளம் 76 சென்டிமீட்டர் என்றால், மிதியச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பகுதிவரை ஏறத்தாழ 67 சென்டிமீட்டர் வேண்டும். அளவுநாடா இல்லையெனில், இருக்கையில் அமர்ந்து குதிகாலை மிதியின்மேல் வையுங்கள். மிதி கீழே இருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்.

கைப்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை இலேசாக மடங்கியிருக்க வேண்டும். தோளும் கழுத்தும் இறுகினால் கைப்பிடி தொலைவில் உள்ளது என்று பொருள். கடையைச் சுற்றி ஒரு நிமிடம் ஓட்டுவது போதாது. இயன்றால் கால் மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துப் பின் முடிவு செய்யுங்கள்.

பழுதுபார்க்கும் வசதி

எளிமையும் பொதுவான உதிரிப்பாகமும் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கெடாவின் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை தாய்லாந்து எல்லை வழியே கெடாவுக்குள் நுழைந்தது. ஜித்ராவில் பிரிட்டிஷ் படையை முறியடித்து, அலோர் ஸ்டார், குருண் வழியாகத் தெற்கு நோக்கி விரைந்தது. வீரர்களில் பலர் மிதிவண்டியில் சென்றனர். போருக்கு முன்பே ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் விற்கப்பட்டு வந்ததால், மாற்று வண்டியும் உதிரிப்பாகமும் செல்லும் வழியிலேயே அவர்களுக்குக் கிடைத்தன. வெயிலில் டயர்கள் பழுதானபோது டயரைக் கழற்றிவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

அந்தப் படையெடுப்பு நம் மக்களுக்குப் பெருந்துயரைத் தந்தது. சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கத் தோட்டத்துத் தமிழர் பலர் கொண்டு செல்லப்பட்டனர். பெருந்தொகையினர் திரும்பி வரவில்லை. அத்துயரை மறக்காமலே ஒரு நடைமுறைப் பாடத்தையும் அறியலாம். வழியில் பழுது வருவது இயல்பு. அப்போது அருகிலுள்ள கடையில் கிடைக்கும் பாகங்களால் சரிசெய்யக்கூடிய மிதிவண்டியே நெடும்பயணத்தில் கைகொடுக்கும். ஆகவே, வாங்கும் முன் உங்கள் பட்டணத்து மிதிவண்டிக் கடைக்காரரிடம், "இந்த வகை டயரும் சங்கிலியும் பிரேக் கட்டையும் உங்களிடம் கிடைக்குமா, அண்ணே?" என்று கேட்டுவிடுவது நல்லது.

பழைய மிதிவண்டி வாங்கும்போது

புதியது வாங்க இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. நன்கு பராமரிக்கப்பட்ட பழைய மிதிவண்டி, தரங்குறைந்த புதியதைவிட மேலானது. ஆனால், நான்கு சோதனைகளைச் செய்ய வேண்டும்.

ஒன்று, சட்டகத்தின் இணைப்புகளில் விரிசல் அல்லது வண்ணம் உரிந்த கோடு உள்ளதா என்று பாருங்கள். இரண்டு, சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். ரிம் இடவலமாக ஆடினால் ஆரக்கம்பிகளைச் சீர்செய்ய வேண்டும். மூன்று, சங்கிலியை அளந்து பாருங்கள். புதிய சங்கிலியில் 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். நான்கு, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதிவண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். கைப்பிடித் தண்டில் 'டக் டக்' என்னும் ஆட்டம் தெரிந்தால் அதனைச் சரிசெய்த பிறகே ஓட்ட வேண்டும். இப்பழுதுகளைச் சரிசெய்ய ஆகும் செலவை விலையுடன் கூட்டிப் பார்த்தால் உண்மையான விலை தெரியவரும்.

பயணத்திற்கு முன்

நல்ல மிதிவண்டியும் நல்ல பழக்கமும் இணைந்தால்தான் பயணம் இனிதாகும். பட்ஜெட்டில் ஒரு பகுதியைத் தலைக்கவசம், முன்விளக்கு, சிவப்புப் பின்விளக்கு, காற்றடிக்கும் கைப்பம்பு, மாற்று டியூப், ஒட்டுப்போடும் பொருள் ஆகியவற்றுக்கென ஒதுக்க வேண்டும். கையிலிருக்கும் பணம் முழுவதையும் மிதிவண்டிக்கே செலவிட்டு, தலைக்கவசத்திற்கு இல்லாமல் போவது அறிவுடைமையாகாது. பஞ்சர் ஒட்டும் முறையை வீட்டிலேயே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

வடக்கு–தெற்கு விரைவுச்சாலையில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால், காவல்சாவடியில் அனுமதி கேட்ட பிறகே உள்ளே செல்ல வேண்டும். பழக்குலை லாரி வரும் ஓசை கேட்டால் ஓரமாக நின்று வழிவிடுங்கள். நண்பகல் வெயிலைத் தவிர்க்க விடியற்காலையில் புறப்படுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே நீர் அருந்துங்கள். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிச் செல்லுங்கள்.

முதற்பயணத்திற்குச் சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங், செமிலிங் வழியாக மெர்போக் செல்லும் பாதை ஏற்றது. அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தில் பழங்காலக் கோயில்களின் அடித்தளங்களைக் காணலாம். 1025ஆம் ஆண்டு வாக்கில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்த கடாரம் இவ்வட்டாரமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கப்பலில் வந்தவர்களின் சுவடுகளை மிதிவண்டியில் சென்று காணும் வாய்ப்பு கெடா மாணவர்களுக்கு உண்டு.

எல்லாப் பாதைக்கும் எல்லார்க்கும் பொருந்தும் மிதிவண்டி என்று ஒன்று இல்லை. செல்லும் பாதை, உடலின் அளவு, கையில் உள்ள பணம், அருகிலுள்ள கடை ஆகிய நான்கையும் சீர்தூக்கிப் பார்த்தால் நமக்கு உரியது எது என்பது தெளிவாகும். 32 முதல் 40 மில்லிமீட்டர் டயர், ஏற்றத்தில் உதவும் குறைந்த பற்சக்கர விகிதம், மழையிலும் பிடிக்கும் பிரேக், உடலுக்குப் பொருந்திய சட்டகம், எளிதில் கிடைக்கும் உதிரிப்பாகம் ஆகியவை அமைந்த மிதிவண்டி பல ஆண்டுகள் உழைக்கும். கடைக்குச் செல்லும் முன் பாதைகளை எழுதிய தாளையும் ஓர் அளவுநாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். கண்ணுக்குப் பிடித்த வண்ணத்தை இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்.